அடியைத் தொடாத தயிர்

அன்று காலை தயிர் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் உறைந்திருந்தது.

தயாளன் மூடியைத் திறந்துவிட்டு அப்படியே நின்றான். எவர்சில்வர் பாத்திரத்துக்குள் மஞ்சள் ஓடிய தெளிந்த நீர் நின்றது. அதன் நட்டநடுவில் ஒரு சாத்துக்குடி அளவுக்குத் தயிர், உருண்டையாக, வெள்ளை வெளேரென்று, எந்தப் பக்கமும் ஒட்டாமல் இருந்தது. மேலே மிதக்கவுமில்லை, கீழே படியவுமில்லை. பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தான். நீர் சாய்ந்தது, உருண்டை மெல்ல நகர்ந்து மறுபடியும் நடுவுக்கு வந்து நின்றுகொண்டது. புளித்த வாடை துளியும் இல்லை. மழையில் நனைந்த இரும்புக் கம்பியை முகர்ந்தால் வருமே, அப்படியொரு வாசனை, மிக லேசாக வந்தது.

“நல்லா கட்டியா உறைஞ்சிருக்குலா,” என்றாள் பின்னாலிருந்து அவன் மனைவி பிரமிளா.

அவளுக்குக் கட்டியாக உறைந்தால் போதும். ஏன், எப்படி என்று கேட்கிற வழக்கமில்லை. தயாளனிடம் எதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, அதனால்தான் ஒட்டவில்லை, நீ என்றைக்குச் சரியாகத் தேய்த்தாய் என்றான். விளக்கம் அவனுக்கே சரியாகப் படவில்லை. ஆனாலும் காலையிலேயே ஒருத்தரைக் குறை சொல்லியாகிவிட்டது என்ற திருப்தியோடு சட்டையை மாட்டிக்கொண்டான். மேல்வீட்டில் நவமணி அக்கா வழக்கம்போலத் திம் திம்மென்று நடக்கத் தொடங்கியிருந்தாள். மனுஷியா மாடா என்று கூரையைப் பார்த்து முறைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

அந்தத் தயிருக்கு உறைமோர் கொண்டுவந்தவன் அவன்தான். முந்தின ஞாயிற்றுக்கிழமை குளிர்பெட்டியின் மூலையில் இருந்த ஒரு கிண்ணத்தை எடுத்து, மோந்து பார்த்து, முகம் சுளித்து, தொட்டியில் கொட்டிவிட்டான். அது பிரமிளா கல்யாணமாகி வரும்போது சுங்கை பட்டாணியில் இருக்கும் தன் அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த உறை. பதினாறு வருஷமாக ஒருநாள்கூட அறுந்துபோகாமல் தயிரிலிருந்து தயிராக வந்தது. அவள் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று நாளில் புரட்டாசி பிறக்கப் போகிறது. பினாங்கின் ஜெலுத்தோங்கில் அவர்கள் இருந்த பன்னிரண்டு மாடி பிளாட்டில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி தொடாது. பாதிப் பேர் உறைக்கு அவளிடம்தான் வருவார்கள். கடையில் வாங்கி ஊற்று என்றான் தயாளன். கடைத் தயிரில் மறுநாளே நூல் விடும் என்றாள் அவள். ஒரு கிண்ணம் அழுகலுக்கு இத்தனை ஒப்பாரியா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாக்டீரியாதானே, உன் அக்கா பரம்பரையே பார்க்காத பாக்டீரியா கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

சொன்னதைச் செய்யவும் அவனால் முடிந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய தனியார் ஆய்வுக்கூடத்தில் அவன்தான் பொறுப்பாளன். விண்வெளிக்குப் போகிறவர்களின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே படும் பாட்டை ஆராய்வது அவர்கள் வேலை. ராக்கெட்டின் அதிர்வு, தூக்கமின்மை, எடையின்மை, அடைத்துவைத்த பயம், இவையெல்லாம் சேர்ந்து முதலில் கைவைப்பது வயிற்றில்தான். வயிறு கெட்டால் உறக்கம் கெடும், பிறகு புத்தி கெடும். தயாளனுக்கு அந்த வீரர்கள்மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. கோடி கோடியாகச் செலவழித்து மேலே போய் வயிறு கலங்கி உட்கார்ந்திருக்கிற ஆசாமிகள் என்பான்.

நாற்பது கண்ணாடிக் குழாய்கள். எல்லாவற்றிலும் ஒரே மனிதனின் குடலிலிருந்து எடுத்து வளர்த்த, பாலை உறையவைக்கும் ஜாதி பாக்டீரியா. இருபது குழாய்கள் மேலே போய் நாற்பது நாள் சுற்றிவிட்டு வந்தன. இருபது பினாங்கிலேயே சும்மா இருந்தன. திரும்பி வந்த பெட்டியில் ஈரம் இறங்கி ஒட்டுச்சீட்டுகள் உரிந்துபோயிருந்தன. அங்கே ஆறு மாதமாக வேலை பார்க்கும் அதிரா பென்சில் குறிப்புகளை வைத்து இரண்டு தட்டுகளாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு தட்டில் வளர்ச்சி மந்தமாக, மங்கலாக இருந்தது. மற்றதில் பால் பொங்குவதுபோல் கொழித்திருந்தது. கொழித்ததுதான் மேலே போய் வந்தது என்று அவள் எழுதியிருந்தாள்.

தயாளன் அவள் முன்னாலேயே அந்தச் சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டினான். பயந்து கிடந்தது எப்படிக் கொழுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியுமே என்றான். அதிரா குரலை உயர்த்தவில்லை.

“சார், ஸ்ட்ரெஸ் வந்தா எல்லாமே செத்துப் போகாது. சிலது கத்துக்கும்.”

என்னத்தைக் கற்றுக்கொள்ளும் என்று கேட்டான். அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதவள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் போனபிறகு, பினாங்கைவிட்டு நகராதது என்று தானே முடிவு செய்த கொழுத்த தட்டிலிருந்து ஒரு குழாயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். யாரோ ஒருவன் வயிற்றிலிருந்து வந்த சரக்கு என்பதைப் பிரமிளாவிடம் சொல்லவில்லை. அதை நினைத்து வண்டியோட்டும்போது இரண்டு மூன்று தடவை தனக்குள் சிரித்துக்கொண்டான்.

புரட்டாசி பிறந்தது. பிரமிளா நினைத்தபடியே கிண்ணங்கள் வந்தன. விளக்கு வைத்தபிறகு உறை கொடுக்கக்கூடாது என்பதால் எல்லாரும் பொழுதோடு வந்து கிரில் கதவைத் தட்டினார்கள். மேல்வீட்டு நவமணி அக்கா, அவள் புருஷன் சுப்பையா, கீழ்மாடியில் இரண்டு வீடு, எதிர் பிளாக்கில் நாலு வீடு. சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹைதர் பாய்கூட, இவ்வளவு கட்டியாகத் தயிர் பார்த்ததில்லை என்று கடைக்கு ஒரு தூக்கு நிறைய வாங்கிப்போனார். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. கிண்ணம் திரும்பி வரும்போது கொஞ்சம் சீனியோ, இரண்டு வாழைப்பழமோ, நாலு முறுக்கோ கூடவே வரும். பிச்சைக்காரப் பழக்கம் என்று தயாளன் சொல்லுவான். முறுக்கை மட்டும் எடுத்துத் தின்பான்.

தயிரை அவன் தொடுவதில்லை. பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் காமினியும் தொடமாட்டாள். புளிப்பு என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உலகத்தில் தயாளன் குறை சொல்லாத ஒரே ஆள் அவள்தான். குண்டாக, கறுப்பாக, முன்பல் இரண்டும் பெரிதாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். முப்பத்தெட்டு கிலோ. தூக்கும்போது அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும், இருந்தாலும் தினம் ஒருமுறை தூக்குவான்.

ஒரு வாரம் போயிற்று. ஒருநாள் காலை பாலில்லாத கடுங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருப்பதாகத் தோன்றியது. எது இல்லை என்று கொஞ்சநேரம் புரியவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள்கள் ஓடிக்கொண்டிருந்தன. யார் வீட்டிலோ வானொலி பாடியது. குழாயில் தண்ணீர் சொட்டியது. மேலே காலடிச் சத்தம் இல்லை. எட்டு வருஷமாகக் காலை ஆறிலிருந்து இரவு பத்துவரை அவன் மண்டைமேல் நடந்துகொண்டிருந்த நவமணி அக்கா நடக்கவில்லை. ஊருக்குத் தொலைந்திருப்பாள், நல்லது என்று காப்பியைக் குடித்தான்.

அவள் ஊருக்குப் போகவில்லை. அன்றைக்கே லிஃப்டுக்குப் பக்கத்தில் பார்த்தான். சந்தைக்குப் போகும் பாசார் பையோடு நின்றிருந்தாள். எப்போதும் கால்வலி, வாயு, மருமகள் என்று ஆரம்பிப்பவள் வெறுமனே பார்த்தாள்.

“என்ன தம்பி, வேலைக்கா?”

அவ்வளவுதான். பிறகு அவனிடமிருந்து கண்ணை எடுத்து நடைவழியின் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வயிற்றுக்குள் ஏதோ மெல்ல உருண்டது; பசிச்சத்தம் அல்ல, யாரோ அடைத்த அறைக்குள் பேசுவதுபோல் ஏறி இறங்கி ஒலித்தது. லிஃப்டின் எஃகுக் கதவில் அவள் உருவம் மங்கலாகத் தெரிந்தது. சேலைக்குக் கீழே இரண்டு பாதங்கள், பெருவிரல் நுனியில். குதிகால் இரண்டும் தரைக்கு மேலே இருந்தன. கிழவிக்கு எக்கி நிற்கும் ஆசை வந்துவிட்டதா என்று நினைத்தான். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்று சின்னவயதில் யாரோ சொன்னது ஞாபகம் வந்ததும், அதை நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டான்.

பிரமிளாவும் மாறியிருந்தாள். பதினாறு வருஷமாக அவன் ஒன்று சொன்னால் அவள் முகம் சுருங்கும், கண் கலங்கும், சட்டி தட்டும் சத்தம் கொஞ்சம் உரக்கக் கேட்கும். இப்போது ஒன்றும் இல்லை. குழம்பில் உப்பில்லை என்றான், சரி என்றாள். உன் அண்ணன் ஒரு தண்டம் என்றான்; ஆமாம் என்றாள். அவன் பேசி முடிக்கும்வரை நிதானமாக, பொறுமையாக, கடைப்பையன் சில்லறை எண்ணும்வரை காத்திருக்கிறவர்களைப்போல் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எங்கேயோ பார்த்த பார்வையாக இருந்தது. ஒருநாள் குளியலறைக் கண்ணாடியில் சவரம் செய்யும்போது அது தன்னுடைய பார்வைதான் என்று தெரிந்தது.

மறுநாள் அவள் அடுப்புக்கு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். தயாளன் மேசையில் இருந்த நாளிதழின் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் மண்டியிட்டான். எதற்குச் செய்கிறோம் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. தாளின் ஓரத்தை அவள் வலது காலுக்குக் கீழே நுழைத்தான். குதிகாலுக்குக் கீழே போயிற்று. நடுப்பாதத்துக்குக் கீழே போயிற்று. விரல்களுக்குக் கீழே போயிற்று. மறுபக்கம் வெளியே வந்தது.

இடது காலுக்கும்.

கரண்டி சட்டியில் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இரும்பு வாசனை அவள் புடவையிலிருந்து வந்தது. தாளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கூடத்துக்கு வந்து உட்கார்ந்தான். அவனிடம் விளக்கம் இல்லை. பயமாக இருந்தது, அதை யாரிடமும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எல்லாரையும் முட்டாள் என்று சொல்லிச் சொல்லி வைத்தவன் இப்போது யாரிடம் போய் என் மனைவியின் கால் தரையில் படவில்லை என்று சொல்வான்?

காமினியைக் கவனித்தான். அவள் பேச்சு குறைந்திருந்தது. ஆனால் அவளிடம் அந்தப் பார்வை இல்லை, பயம் இருந்தது. பள்ளி விட்டு வந்தால் முதுகுப்பையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடும்போதும் பை. தொலைக்காட்சி பார்க்கும்போதும் பை. வீட்டுக்குள் பள்ளிக் காலணியையும் கழற்ற மறுத்தாள். அந்தப் பையை அவனுக்கு என்றைக்குமே ஆகாது. ஒன்பது கிலோ இருக்கிறது, பிள்ளைகளை என்ன கழுதை என்று நினைத்தீர்களா என்று தலைமையாசிரியைக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதியவன் அவன். கழற்று என்று அதட்டினான்.

“வேணாம்பா. இருக்கட்டும். இருந்தாதான் நல்லா இருக்கு.”

எடை பார்க்கும் கருவியில் அவளைப் பையோடு நிறுத்தினான். பன்னிரண்டு என்று காட்டியது. அவன் ஏறி நின்றான். எண்பத்தாறு என்று சரியாகக் காட்டியது. மறுபடி அவளை நிறுத்தினான். பன்னிரண்டு. சீனத்து மலிவுச் சாமான், கண்டதைக் காட்டுகிறது என்று அதைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டான். இவள்தான் தயிர் தொடுவதில்லையே என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டான். தயிரை ஏன் நினைத்தோம் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் மதியம் அதிரா அவன் அறைக்கு வந்து, வந்து பாருங்கள் என்றாள். கதவைத் தட்டவில்லை என்று அதட்ட வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் போனான். அவன் மாற்றி ஒட்டிய இரண்டு தட்டுகளும் விளக்குக்குக் கீழே இருந்தன. மந்தமான தட்டில் பாக்டீரியா வழக்கம்போல் அடியில் படிந்து கிடந்தது. கொழுத்த தட்டில் பத்தொன்பது குழாய்கள். பத்தொன்பதிலும், கண்ணாடியின் நடுவே, அடியையும் பக்கத்தையும் தொடாமல், வெள்ளையாய் ஒவ்வோர் உருண்டை நின்றது. ஒரு குழாயை அவள் தலைகீழாகக் கவிழ்த்தாள். உருண்டை மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்தது.

“சார், நீங்க மாத்தி ஒட்டினது தப்பு. இதுதான் மேல போனது.” தட்டில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள். “ஒரு ட்யூப் குறையுது.”

உன் கணக்குத்தான் தப்பு என்று சொல்ல வாய் திறந்தான். கவிழ்ந்த குழாயை மறுபடியும் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தியிடம், இது வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று கேட்டான். தெரியாது சார் என்றாள். குடல் மூளையோடு பேசும் என்பது நமக்குத் தெரியும். என்ன பேசும் என்பது யாருக்குத் தெரியும், இங்கே கனமாக இருக்கவேண்டியதில்லை என்று சொல்லிக்கொடுத்தாலும் கொடுக்கும் என்றாள். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

அவன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஜெலுத்தோங் போய்ச் சேரும்போது மணி இரண்டரை. வெயில் கொளுத்தியது. வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தான். காமினி சாப்பிடவில்லை. பள்ளி வேன் மூன்று மணிக்கு வரும். அவளைக் கூட்டிக்கொண்டு நேரே பாலிக் புலாவ் போய்விடவேண்டும், அங்கே அவனோடு படித்த ஒருவனின் தோட்டவீடு இருக்கிறது. பிரமிளாவை என்ன செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழு மாடியும் ஏறினான். எந்த மாடியிலும் ஆள் சத்தம் இல்லை. அவன் மூச்சும் அவன் செருப்பும் மட்டும் கேட்டன.

வீட்டுக் கதவுக்கு முன்னால் கிண்ணங்கள் இருந்தன.

ஏழு எட்டு இருக்கும். வரிசையாக. பிரமிளா உறை கொடுத்தனுப்பிய அதே கிண்ணங்கள். யாரும் வெறுமையாகத் திருப்பித் தரவில்லை. ஒவ்வொன்றிலும் தெளிந்த நீர், நடுவில் வெள்ளை உருண்டை. காலால் எற்றினான். கிண்ணங்கள் உருண்டன, நீர் தரையில் ஓடியது. உருண்டைகள் ஓடவில்லை. தரைக்கு ஒரு விரற்கடை மேலே, விட்ட இடத்தில் நின்றன.

உள்ளே போனான். சமையலறையில் தயிர்ப் பாத்திரத்தைத் தேடி எடுத்து, ஒரு புட்டி துணி வெளுப்பான் முழுவதையும் அதற்குள் கவிழ்த்தான். கண் எரிந்தது. பிரமிளா என்று கூப்பிட்டான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மேலே காலடிச் சத்தம் கேட்டது.

மெதுவாக. ஒன்று. இன்னொன்று. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. நவமணி அக்கா நடக்கிறாள். திம் திம்மென்று நடக்கட்டும், மண்டையில் ஏறி நடக்கட்டும். எட்டு வருஷம் திட்டிய சத்தத்துக்கு அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். சத்தம் கூடத்திலிருந்து சமையலறைக்கு வந்தது. அவனுக்குப் பின்னால் மேலே நின்றது. ரப்பர் செருப்பு ஒன்று அவன் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது.

பிரமிளாவின் செருப்பு.

அவன் திரும்பி மேலே பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தான்.

கூரையில், விளக்குக்குப் பக்கத்தில், வெறும் பாதங்களை மேலே ஊன்றி அவள் நின்றுகொண்டிருந்தாள். புடவை மேல்நோக்கிச் சரிந்து கணுக்காலை மூடியிருந்தது. கைகள் இரண்டும் முன்னால் தளர்ந்து மிதந்தன. முகம் தலைகீழாக அவனைப் பார்த்தது. அந்தப் பார்வை. காத்திருக்கும் பார்வை. கீழே கிடக்கும் ஒன்றைப் பார்க்கும் பார்வை.

“வந்துட்டீங்களா?” என்றாள் சாதாரணமாக.

பிறகு அவனை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் நடந்தாள். இரும்புக் கம்பிகள் அவளை மறித்தன. கம்பிகளில் முகத்தை அழுத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அவள் வயிறு பேசிக்கொண்டிருந்தது. வெளியே எங்கிருந்தோ, பல வீடுகளிலிருந்து, அதே ஏற்ற இறக்கத்தில் பதில் வந்தது.

கீழே வேன் ஹாரன் அடித்தது.

படிக்கட்டில் காமினியின் தலை தெரிந்தபோது அவன் நடைவழியில் நின்றிருந்தான். முதுகில் பை. இரண்டு கையாலும் பட்டைகளை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். காலணியில் சத்தமே இல்லை. அவனைப் பார்த்ததும் அவள் உதடு பிதுங்கியது.

“அப்பா, அம்மா மேல போயிட்டாங்களா?”

ஒன்றுமில்லைடா, நாம் வெளியே போகிறோம், கீழே நிற்கும் அப்பாவின் காடியில் போகிறோம் என்றான். அவள் வேகமாக நடக்கமாட்டாள். ஏழு மாடி இறங்கவேண்டும். தூக்கிக்கொண்டுதான் ஓடவேண்டும். பை இடைஞ்சல். எப்போதும் அந்தப் பை இடைஞ்சல். மண்டியிட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான்.

“வேணாம்பா. பை இருக்கட்டும்.”

“அப்பா சொல்றதக் கேளு. நல்லவேளை நீ தயிர் சாப்பிடல.”

வலது பட்டை கழன்றது.

“சாப்பிட்டேன்பா. நவமணி ஆன்ட்டி தினமும் சீனி போட்டுக் குடுப்பாங்க. வேன் வந்ததும்.”

இடது பட்டை அவன் கையோடு வந்துவிட்டது.

முப்பத்தெட்டு கிலோவைத் தூக்க இடுப்பை இறுக்கிக்கொண்டு அவள் கைகளுக்குக் கீழே பிடித்து எழுந்தான். நிறைகுடம் என்று நினைத்து வெறுங்குடத்தைத் தூக்கியதுபோல் கை விசுக்கென்று மேலே போனது. பதறிப் பிடியைத் தளர்த்தினான். அவன் கை நின்றது. அவள் நிற்கவில்லை.

அவசரம் எதுவும் இல்லாமல் போனாள். இடுப்பு அவன் முகத்தைத் தாண்டியது. முழங்கால் தாண்டியது. எகிறிப் பிடித்தான். காலணி கையில் வந்தது. காலணி போனதும் இன்னும் கொஞ்சம் வேகமாக எழுந்தாள். நடைவழியின் கூரையில் அவள் முதுகு மெத்தென்று பட்டது. கடலிலிருந்து காற்று வந்தது. சின்னக் காற்று. அவள் கூரையை இரண்டு கையாலும் பிறாண்டினாள். சிமெண்டு வழவழப்பாக இருந்தது. காற்று அவளைக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம், திறந்த பக்கம், தள்ளிக்கொண்டு போனது.

பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்திருந்தன. எதிர் பிளாக்கின் நடைவழிகளிலும். கூரையோடு நடந்து வந்து, விளிம்பைத் தாண்டி, ஒவ்வொருவராக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். சுப்பையா அண்ணன். பிறகு நவமணி அக்கா, பாசார் பையில்லாமல். போகும்போது ஒருமுறை கீழே பார்த்தார்கள். அவனைப் பார்த்தார்கள். அவ்வளவு தூரத்திலும் அந்தப் பார்வை தெரிந்தது.

காமினியின் பார்வை அப்படி இல்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் நெற்றிப் பக்கம் போனது.

“அப்பா, பை. பையக் குடுங்கப்பா.”

அவன் பையை எடுத்தான். கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். அவள் கையை நீட்டினாள். விரல் பட்டையைத் தொட்டது. பிடித்தது. பட்டை வழுக்கியது. ஒரு சாண். ஒரு முழம். அவள் வாய் அசைவது தெரிந்தது, பிறகு முகம் தெரிந்தது, பிறகு மற்றக் காலில் இருந்த கறுப்புக் காலணி மட்டும் தெரிந்தது.

மூன்றேகால் இருக்கும். வெயில் அப்படியேதான் அடித்தது. ஏழாவது மாடியில், சுவரில் சாய்ந்து, ஒன்பது கிலோ பையை இரண்டு கையாலும் வானத்துக்கு நீட்டிப் பிடித்தபடி தயாளன் நின்றுகொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் என்று எக்கினான். அவன் குதிகால் தரையைவிட்டு எழுந்து, எழுந்து, ஒவ்வொரு தடவையும் திம்மென்று கீழே விழுந்தது.